‘இது ஓடாதுங்க’ என்னும் கல்லாவில் காசை ஓட்டுவது எப்படி

பத்து ரூபாய் காயினை நீட்டினால் தள்ளிவிடும் கடைக்காரருக்கு அது கள்ளக்காசோ என்ற சந்தேகம் பெரும்பாலும் இருப்பதில்லை. “நான் வாங்கிக்கிறேன், என்கிட்ட யாருங்க வாங்குவா?” என்பதுதான் அவருடைய கவலை. அது புரியாமல் சட்டம் பேசினால், பின்னால் நிற்கும் வரிசைதான் நீளும். அந்தக் காசு தன் கல்லாவில் தேங்காது என்று அவர் நம்பும்படி கொடுக்க வேண்டும்.

முதலில் கையில் இருப்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30-லிருந்து செல்லாது. பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளின் கதை 2016 நவம்பர் 8 நள்ளிரவோடு முடிந்தது. இவற்றை எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். எட்டணா, புழக்கத்துக்கு வந்த எல்லா 1, 2, 5, 10, 20 ரூபாய் காயின்கள், அச்சடிப்பது நின்றுபோன 2, 5 ரூபாய் நோட்டுகள், 1 ரூபாய் நோட்டு எல்லாம் செல்லும்.

எவ்வளவு வரை செல்லும் என்பதற்கும் கணக்கு உண்டு. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காயின்கள் ஒரு தடவைக்கு 1000 ரூபாய் வரைதான் செல்லுபடி. எட்டணா என்றால் 10 ரூபாய் வரை, அதாவது இருபது காயின். அதற்கு மேல் கொடுத்தால் வாங்குவதும் விடுவதும் எதிராளியின் விருப்பம். 2022-ல் அரூர்க்காரர் ஒருவர் மூட்டை மூட்டையாகப் பத்து ரூபாய் காயின் கொடுத்து சேலத்தில் கார் வாங்கினார். அங்கே விற்றவர் ஒப்புக்கொண்டதால்தான் அது நடந்தது. மறுத்திருந்தாலும் சட்டப்படி தவறில்லை.

பத்து ரூபாய் காயின்

தமிழ்நாட்டில் அதிகம் சிக்குவது இதுதான். சென்னையில் ஓடும் காயின் வேலூர், தருமபுரி பக்கம் போனால் நின்றுவிடும் என்பது பலருக்கும் தெரிந்த கூத்து. வதந்திக்குக் காரணம் அதன் முகங்கள். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிக்கையின்படி அதுவரை வந்தவை 14 வடிவங்கள், எல்லாமே செல்லும். 2011-க்குப் பின் வந்ததில் ₹ குறியும் பத்துக் கோடுகளும் இருக்கும். அதற்கு முந்தையதில் குறி கிடையாது, கோடுகள் பதினைந்து. பதினைந்து கோடு என்றால் போலி என்று யாரோ கிளப்பிவிட, அது ஊர் ஊராகப் போய்விட்டது. அம்பேத்கர், வைஷ்ணவ தேவி, யோகா தினம் என்று வந்த நினைவு காயின்களும் இதே காரணத்தால் அடிபடுகின்றன.

ஆகவே கொடுக்கும்போது ₹ குறியும் பத்துக் கோடும் உள்ளதை முதலில் நீட்டுங்கள். பதினைந்து கோட்டுக் காயினையும் நினைவு காயினையும் வங்கிக்கு ஒதுக்குங்கள். நடுவட்டு கழன்றது, ஓட்டை போட்டது, அராவியது எதையும் நீட்டாதீர்கள். சிதைக்கப்பட்ட நாணயத்துக்குச் சட்டமே கைகொடுக்காது.

எண்ணிக்கையும் முக்கியம். 110 ரூபாய் பில்லுக்குப் பதினொரு காயினைக் கொட்டினால் யாருக்கும் முகம் சுளிக்கும். நூறு ரூபாய் நோட்டோடு ஒரே ஒரு காயினை வையுங்கள். அதை மறுத்தால் உங்களுடைய 200 ரூபாய்க்குத் தொண்ணூறு ரூபாய் சில்லறை தேட வேண்டியது அவர்தான். சில்லறைத் தட்டுப்பாடு உள்ள காலை ஏழு, எட்டு மணிக்கு டீக்கடையிலும் பால் கடையிலும் இந்தக் கணக்கு நன்றாக வேலை செய்யும். இரவு கடை கட்டும் நேரத்தில் செய்யாது. கல்லாவை எண்ணி முடித்தவர் புதிதாக ஒரு தலைவலியை வாங்க மாட்டார்.

கேட்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். “அண்ணே, பத்து ரூபா காயின் ரெண்டு இருக்கு, வாங்கிக்குவீங்களா?” என்று பொருளைக் கட்டும் முன் கேட்டால் பாதிப் பேர் வாங்கிவிடுவார்கள். சாப்பிட்டு முடித்து, கைகழுவிவிட்டு, பில்லின் மேல் காயினை அடுக்கினால் சட்டப்படி உங்கள் பக்கம்தான் வலு: கடன் ஏற்பட்டுவிட்டது, செல்லுபடியாகும் பணத்தை நீட்டுகிறீர்கள். ஆனால் அடுத்த முறை அந்த ஹோட்டலில் உங்களுக்கு எப்படிப்பட்ட தோசை வரும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் கொஞ்சம் உறுதியாகவே நிற்கலாம். 10, 20 ரூபாய் காயின்களை வாங்க வேண்டும் என்று போக்குவரத்துக் கழகங்கள் கண்டக்டர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கின்றன. முதல் டிரிப்பில் கொடுத்தால் பேச்சே எழாது.

கடைக்காரர் உண்மையிலேயே போலி என்று சந்தேகப்பட்டால் எடைத் தராசைக் காட்டுங்கள். ₹ குறியுள்ள காயின் 27 மி.மீ. விட்டம், 7.71 கிராம். பத்தைத் தராசில் வைத்தால் 77 கிராம் காட்டும், நூறு வைத்தால் 771 கிராம். பழைய வடிவங்களைக் கலந்து வைத்தால் கணக்கு உதைக்கும்.

இருபது ரூபாய் காயின்

2019-ல் அறிவிக்கப்பட்ட இதை மறுப்பவர்களைவிடப் பத்து ரூபாய் என்று நினைத்து வாங்கிப் போடுபவர்கள்தான் அதிகம். விட்டம் அதே 27 மி.மீ., இதுவும் இரட்டை நிறம், ஆனால் உள்ளும் வெளியும் நிறம் மாறியிருக்கும். விளிம்பிலும் வித்தியாசம் தெரியும்: இருபதுக்குப் பன்னிரண்டு பக்கம், பத்து வட்டம். எடை 8.54 கிராம். நீட்டும்போதே “இருபது ரூபா காயின்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உங்களுக்குத்தான் பத்து ரூபாய் நட்டம்.

எட்டணாவும் சின்ன நோட்டுகளும்

எட்டணா சட்டப்படி செல்லும், தெருவில் ஓடாது. பில் பைசாவில் முடிவதே இல்லை என்பதால் அதைக் கொடுக்கும் இடமும் குறைவு. இரண்டு இரண்டாக, முழு ரூபாயாகவே கொடுங்கள்.

1 ரூபாய் நோட்டு மட்டும் ரிசர்வ் வங்கியுடையது அல்ல. மத்திய அரசு வெளியிடுவது, நிதித் துறைச் செயலாளர் கையெழுத்திட்டது. 2015-ல் மறுபடி வந்தது. கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம். புதுக் கட்டாக இருந்தால் மொய்க் கவருக்கு வைத்துக்கொள்ளுங்கள். 101, 501 என்று எழுதும் ஊரில் அதற்கு மவுசு தனி.

நோட்டில் வரும் சிக்கல்கள்

எண்ணுக்கு நடுவே நட்சத்திரக் குறி இருந்தால் போலி என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றியது. அச்சில் கெட்டுப்போன நோட்டுக்குப் பதிலாக அதே கட்டில் சேர்க்கும் மாற்று நோட்டு அது, முழுமையாகச் செல்லும். பேனாவால் கிறுக்கிய நோட்டும் செல்லும். ஆனால் அரசியல் கோஷம் எழுதிய நோட்டு செல்லாது. கடையில் மீதியாக அப்படி வந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

கிழிந்ததை ஒட்டி, மடித்து, இரண்டு நல்ல நோட்டுகளுக்கு நடுவே வைத்துக் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். எந்த வங்கிக் கிளையிலும் மாற்றலாம். 20 ரூபாய் வரையுள்ள நோட்டில் பாதிக்கு மேல் ஒரே துண்டாக இருந்தால் முழுப் பணம். 50 ரூபாய்க்கு மேற்பட்டவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுப் பணம், 40 முதல் 80 வரை பாதி, அதற்கும் கீழே போனால் ஒன்றுமில்லை. 50 ரூபாய் நோட்டுக்கும் இதே கணக்குதான். வேறு வேறு நோட்டுத் துண்டுகளைச் சேர்த்து ஒட்டியிருந்தால் தள்ளுபடி.

2000 ரூபாய் நோட்டு 2023 மே 19-ல் திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. சட்டப்படி இன்னும் செல்லும்; ஆனால் வாங்கியவர் அதை மாற்ற அலைய வேண்டும், அதனால் கடையில் முயலாதீர்கள். சென்னை உட்பட 19 ரிசர்வ் வங்கி அலுவலகங்களில் கொடுக்கலாம், அஞ்சலிலும் அனுப்பிக் கணக்கில் வரவு வைக்கலாம்.

மறுத்துவிட்டால்

“ராஜதுரோகக் கேஸ் போடுவேன்” என்று மிரட்டச் சொல்லும் செய்திகளை நம்ப வேண்டாம். நாணயத்தை வாங்க மறுப்பவருக்கு இன்ன தண்டனை என்று நாணயச் சட்டத்தில் தனிப்பிரிவு இல்லை. பத்து ரூபாய் காயின் பற்றிச் சொல்ல 2018-ல் 14440 என்ற எண்ணை ரிசர்வ் வங்கி வைத்தது: அழைத்தால் துண்டித்துவிட்டுத் திரும்ப அழைத்துப் பதிவுக்குரலில் விளக்கியது. இப்போதும் அந்த விளக்கம் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டலாம். அதற்கும் மசியாவிட்டால் ஜிபே செய்துவிட்டு நகருங்கள்.

வங்கி மறுப்பது வேறு விஷயம். அங்கே விட்டுக்கொடுக்க வேண்டாம். உங்கள் கணக்கில் எவ்வளவு காயினும் போடலாம், உச்சவரம்பு இல்லை. நூறு நூறாகப் பாலிதீன் பையில் கட்டி, மதிப்பு வாரியாகப் பிரித்து, சலானில் எண்ணிக்கையை எழுதிக்கொண்டு போங்கள். மாத முதல் வாரத்தையும் திங்கட்கிழமையையும் தவிர்த்துவிட்டால் கேஷியருக்கு எண்ண நேரம் இருக்கும். அப்படியும் திருப்பி அனுப்பினால் மேனேஜரிடம் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு அந்த ஒப்புகையோடு எழுதலாம்.