மிசிசிப்பிக் கரையில் இலைநிறம்: காலையில் மினசோட்டா, மாலையில் விஸ்கான்சின்

அக்டோபரில் மிசிசிப்பியோரம் இலைநிறம் பார்க்கக் கிளம்புகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: எந்த நேரத்தில் எந்தக் கரை என்று முடிவு செய்துவிட்டுப் புறப்படுங்கள்.

அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களுக்கு நடுவே எல்லையாக ஓடும் இந்த ஆறு, மினசோட்டாக் கரையின் ரெட் விங் ஊரிலிருந்து வினோனா ஊர் வரை தென்கிழக்காக ஓடுகிறது. மினசோட்டா பக்கத்துக் குன்றுகள் வடகிழக்கைப் பார்த்து நிற்பதால் காலை வெயில் நேராக அவற்றின் மேல் விழும். விஸ்கான்சின் குன்றுகளுக்கு அந்த வெளிச்சம் பிற்பகலில்தான். அதனால் காலையில் 61-ஆம் எண் சாலையில் தெற்கே போய், வினோனா பாலத்தில் ஆற்றைக் கடந்து, 35-ஆம் எண் சாலையில் வடக்கே திரும்புங்கள். போகும்போதும் வரும்போதும் குன்று வலப்பக்கமே இருக்கும். என் மாமியாருக்கு எப்போதும் வலப்பக்க ஜன்னல்தான்.

காலையில் ஆற்றின் மேல் பனிமூட்டம் படர்ந்திருந்தால் சோர்ந்துவிடாதீர்கள். தண்ணீர் இன்னும் கோடையின் சூட்டை வைத்திருக்கும், காற்று குளிர்ந்திருக்கும், அதனால் வருவது. ஃப்ரான்டனாக் மாநிலப் பூங்காவின் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். மூட்டம் விலக விலக, கீழே பெப்பின் ஏரி (ஆறே அகன்று ஏரியாகிவிட்ட இடம்) கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவரும். பூங்காவுக்குள் வண்டி போக அனுமதிச் சீட்டு வேண்டும்.

பொதுவாக அக்டோபர் முதல் வாரத்துக்கும் மூன்றாம் வாரத்துக்கும் இடையில் நிறம் உச்சத்தில் இருக்கும். மினசோட்டா இயற்கைவளத் துறை வெளியிடும் இலைநிற வரைபடத்தைப் பார்த்து நாளைக் குறியுங்கள். சூமாக் புதர்கள் செப்டம்பர் கடைசியிலேயே சிவந்துவிடும், பிறகு மேப்பிள், ஓக் கடைசியில். மஞ்சள் நிறமி கோடையிலும் இலைக்குள் இருப்பதுதான், பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. இலையில் தங்கும் சர்க்கரையிலிருந்து அந்தப் பருவத்தில் புதிதாக உருவாவது அது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறைபனி இல்லாத குளிரும் தொடர்ந்து இருந்த வாரமென்றால் லீவு போட்டுவிட்டே போகலாம்.

வினோனாவில் கார்வின் ஹைட்ஸ் மேட்டுக்குக் காரிலேயே போகலாம். ஊர், வினோனா ஏரி, ஆறு மூன்றும் அங்கிருந்து ஒருசேரத் தெரியும். ஆனால் எனக்கு மிகப் பிடித்தது விஸ்கான்சினில் ஆல்மா ஊருக்கு மேலே இருக்கும் பியூனா விஸ்டா என்ற பார்வை மேடு. கீழே நான்காம் எண் அணை, அதில் வரிசையாக வந்து நிற்கும் சரக்குப் படகுகள், அதைத் தாண்டிக் கிளை கிளையாகப் பிரியும் ஆறு, நடுவில் மரங்கள் அடர்ந்த தீவுகள். அங்கே குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இந்தக் கரையில் வெயில் காயும் தென்மேற்குச் சரிவுகளில் மரம் குறைவு, புல்தான் அதிகம். காய்ந்த புல்லின் பொன்னிறத்துக்கு நடுவே மடிப்புகளில் மட்டும் மரங்கள் நிற்பதால் நிறம் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

35-ஆம் எண் சாலை பெரும்பாலும் இருவழிச் சாலை. படம் எடுக்க ஓரத்தில் நிறுத்தாதீர்கள், பார்வை மேடுகளில் மட்டும் நிறுத்துங்கள். ரயில் பாதை கூடவே வருவதால் கேட் இருக்கும் இடங்களில் தண்டவாளத்துக்கு முன்பே நின்றுவிடுங்கள். அந்தி வேளையில் மான்கள் குறுக்கே ஓடும், வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சிறு பிள்ளைகளோடு போனால் வினோனா வரை வேண்டாம். ரெட் விங்குக்கும் வினோனாவுக்கும் இடையில் வரும் வபாஷா ஊர்ப் பாலத்தில் ஆற்றைக் கடந்து பெப்பின் ஏரியை மட்டும் சுற்றி வரலாம். அரை நாள் போதும்.