கணுக்கால் எலும்புகளின் வடிவ வேறுபாட்டை சி.ரி. படத்திலிருந்து மாதிரியாக்குவது எப்படி

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிப்பவர்கள், வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணினி படிப்பவர்கள், இங்குள்ள ஆஸ்பத்திரிகளில் வேலை செய்யும் இளம் டொக்டர்மார் ஆகியோரை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெரிய ஆய்வுகூடம் எதுவும் தேவையில்லை. ஓரளவு நல்ல லாப்டொப், இலவசமாகக் கிடைக்கும் இரண்டு மென்பொருள்கள், நிறையப் பொறுமை இருந்தால் போதும்.

நாம் செய்யப் போவது இதுதான்: பலருடைய கால் எலும்புகளைப் படத்திலிருந்து பிரித்தெடுத்து, அவற்றின் சராசரி வடிவம் என்ன, ஆளுக்கு ஆள் அது எந்தத் திசையில் எவ்வளவு மாறுகிறது என்று எண்களாகச் சொல்ல வேண்டும். குதிகால் எலும்பு நொறுங்கி வருகிறவருக்கு அது முன்பு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கவும், எலும்பில் பொருத்தும் தகடு நம் ஆட்களுக்குச் சரியாக உட்காருமா என்று பார்க்கவும் இது உதவும். வேறு நாட்டுக் கால்களை வைத்துச் செய்த சராசரி, சிறு வயதிலிருந்து வெறுங்காலோடு வயலிலும் மணலிலும் நடந்தவரின் காலுக்குப் பொருந்துமா என்பதை அளந்துதான் சொல்ல முடியும். அதனால்தான் இந்த வேலை இங்கேயே நடக்க வேண்டும் என்கிறேன்.

பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் எடுக்க ஆசைப்படாதீர்கள். கணுக்கால் மூட்டில் இருக்கும் தாலஸ் என்ற எலும்பையும் அதற்குக் கீழே உள்ள குதிகால் எலும்பையும் மட்டும் எடுத்துத் தொடங்குங்கள். தாலஸில் ஒரு தசைகூட ஒட்டுவதில்லை, அதன் மேற்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதம் கசியிழையத்தால் மூடியிருக்கிறது. அதாவது அந்த எலும்பின் பெரும்பகுதி மூட்டாகவே இருக்கிறது, வடிவம் கொஞ்சம் மாறினாலும் அசைவு மாறும். அப்புறம் வேண்டுமானால் முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு நீண்ட எலும்புகளான திபியா, பிபுலாவின் கீழ்முனைகளைச் சேர்க்கலாம்.

படங்களுக்காக யாரையும் புதிதாக ஸ்கான் எடுக்க வைக்காதீர்கள். தேவையில்லாமல் கதிர்வீச்சுக் கொடுப்பது தவறு. வேறு காரணத்துக்காக ஏற்கெனவே எடுத்த படங்களைக் கேளுங்கள். ஒரு காலில் முறிவு என்று எடுத்த ஸ்கானில் பல நேரம் மற்றக் காலும் விழுந்திருக்கும், நமக்கு வேண்டியது அந்த முறியாத கால்தான். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி கிடைக்கும் வரை ஒரு கோப்பையும் பென் ட்ரைவில் வாங்காதீர்கள். வெட்டுப்படத்தின் தடிப்பு 1 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவாகவோ இருக்க வேண்டும். 3 மில்லிமீற்றரில் வந்தால் மூட்டு இடைவெளி படிக்கட்டு மாதிரித் தெரியும், அதை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

வன்னிக்கே உரிய விஷயங்கள் சில இங்கே வரும், இவற்றை வெளிநாட்டுக் கையேடுகளில் தேடினால் கிடைக்காது. நம் ஆட்களில் பலருடைய உடம்பில் போர்க்காலச் செல் (எறிகணை) துண்டுகள் இன்னும் இருக்கின்றன. சி.ரி. படத்தில் அந்த உலோகத்தைச் சுற்றிக் கதிர்கதிராக வெள்ளையும் கறுப்புமாகக் கோடுகள் ஓடும், எலும்பின் விளிம்பை அவை தின்றுவிடும். துண்டு கணுக்காலுக்கு அருகில் இருந்தால் அந்தப் படத்தை ஒதுக்கிவிடுங்கள், முழங்காலுக்கு மேலே இருந்தால் பாதத்தைப் பெரும்பாலும் பாதிக்காது. கசியிழையம் நன்றாகத் தெரியும் என்று யாராவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். காந்தப் புலத்தில் இரும்புத் துண்டு நகரலாம், சூடாகலாம். உடம்பில் துண்டு இருக்கிறதா என்று கேட்காமல் ஒருவரையும் அந்த இயந்திரத்துக்குள் அனுப்பக் கூடாது. மிதிவெடியில் ஒரு காலை இழந்தவரின் மற்றக் காலும் படங்களுக்குள் வரும். அந்தக் கால் வருடக்கணக்காகக் கூடுதல் பாரம் தாங்கிய கால், அதைப் பொதுச் சராசரிக்குள் கலக்காமல் தனிக் குழுவாக வையுங்கள். தனியாகப் பார்க்க வேண்டிய அளவுக்கு முக்கியமான கால் அது.

பெயரை நீக்கினால் அடையாளம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். முல்லைத்தீவில் ஒரு சின்னக் கிராமத்தின் பெயர், வயது, காயத்தின் வகை மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் ஆள் யாரென்று ஊரே சொல்லிவிடும். ஸ்கான் படம் சேமிக்கப்படும் டைகொம் கோப்பின் தலைப்பில் உள்ள பெயர், பிறந்த திகதி, ஆஸ்பத்திரி இலக்கம் எல்லாவற்றையும் அழித்து, ஊரை மாவட்டம் என்ற அளவோடு நிறுத்துங்கள்.

சரி, இனி பிரித்தெடுப்பது. நமது முதல் மென்பொருளான த்ரீடி ஸ்லைசரில் படத்தைத் திறந்து செக்மென்ட் எடிட்டருக்குப் போங்கள். சி.ரி. படத்தில் அடர்த்தியைக் காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில் 200 அளவில் வாசல் மதிப்பை (அதற்கு மேல் உள்ளதை மட்டும் தெரிவுசெய்யும் எல்லையை) வைத்துத் தொடங்கினால் எலும்பு பெரும்பாலும் நிறம் பிடிக்கும். ஆனால் தாலஸும் குதிகால் எலும்பும் பின்பக்க மூட்டில் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி நெருங்கி நிற்பதால் இரண்டும் ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் தானியங்கிக் கருவியை நம்பாதீர்கள். ஒவ்வொரு எலும்புக்குள்ளும் விதையாக ஒரு குறி போட்டு வளரவிட்டு, பிறகு பக்கவாட்டு வெட்டுப்படத்தில் ஒவ்வொன்றாகப் போய் அழிப்பானால் இடைவெளியைத் திறக்க வேண்டும். உள்ளே உள்ள ஓட்டைகளை அடையுங்கள், மேற்பரப்பை மெதுவாக மட்டும் மழுப்புங்கள். கூடுதலாக மழுப்பினால் குதிகால் எலும்பின் முன், நடு மூட்டு முகங்களுக்கு இடையில் உள்ள மேடு மறைந்துவிடும். சிலருக்கு அந்த இரண்டு முகங்களும் தனித்தனியாக இருக்கும், சிலருக்கு ஒன்றாகவே இணைந்திருக்கும். நாம் தேடுகிற வேறுபாடே அதுதான், அதை நாமே அழித்துவிடக் கூடாது. சில படங்களை நண்பர் ஒருவரையும் தனியாகப் பிரிக்கச் சொல்லி, இரண்டு மேற்பரப்புகளும் எவ்வளவு தூரம் விலகுகின்றன என்று பாருங்கள். அந்த விலகலை விடச் சிறிய வேறுபாட்டைப் பற்றிப் பிறகு பேசவே முடியாது.

இடது கால்களை எல்லாம் கண்ணாடி விம்பமாகத் திருப்பி வலதாக்குங்கள். ஒரே ஆளின் இரண்டு கால்களையும் இரண்டு ஆட்களாக எண்ணாதீர்கள். திபியாவைச் சேர்த்தால் எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் வெட்டுங்கள், உதாரணமாகத் தாலஸின் அகலத்துக்கு இத்தனை மடங்கு உயரம் என்று. இல்லாவிட்டால் மாதிரி கண்டுபிடிக்கும் முதல் வேறுபாடு, நீங்கள் எங்கே வெட்டினீர்கள் என்பதாகத்தான் இருக்கும்.

அடுத்தது ஒத்த புள்ளிகள். எல்லாருடைய வயலிலும் அதே வரம்பு மூலையில் முளை அடிப்பது போல, எல்லா எலும்புகளிலும் அதே உடற்கூற்று இடத்தில் அதே இலக்கமுள்ள புள்ளி உட்கார வேண்டும். நமது இரண்டாவது மென்பொருள், யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவான ஷேப்வேர்க்ஸ், இதைத் தானாகச் செய்யும். 128 புள்ளிகளில் தொடங்கி 256, 512 என்று ஏறுங்கள். முடிந்ததும் ஒரு புள்ளியைத் தெரிவுசெய்து, ஒவ்வொரு ஆளிலும் அது எங்கே நிற்கிறது என்று கண்ணால் பாருங்கள். தாலஸின் கழுத்தில் இருக்க வேண்டிய புள்ளி ஒருவரில் தலைக்குத் தாவியிருந்தால், பின்னால் வரும் கணக்கு எல்லாம் வீண்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று இருக்கிறது. ஸ்கான் மேசையில் படுத்திருப்பவரின் பாதம் தளர்ந்து கீழே சாயும், ஒருவருக்கு ஒரு கோணம், இன்னொருவருக்கு வேறு கோணம். இரண்டு எலும்புகளையும் ஒரே பொருளாக வைத்து ஒழுங்குபடுத்தினால் அந்தச் சாய்வும் வடிவ வேறுபாடாகக் கணக்கில் ஏறும், யாருடைய எலும்பு எப்படி என்பதும் அவர் எப்படிப் படுத்தார் என்பதும் கலந்துவிடும். ஆகவே ஒவ்வொரு எலும்பையும் தனியாக நகர்த்தி, சுழற்றிப் பொருத்தி முதலில் ஒரு மாதிரி செய்யுங்கள். எலும்புகளுக்கு இடையிலான நிலையை வேறாக, தாலஸைச் சட்டகமாக வைத்து அளவுங்கள். நின்றபடி எடுக்கும் சி.ரி. இருந்தால் பாரம் தாங்கும் நிலை தெரியும், படுத்து எடுத்த படத்தில் அதைப் பற்றி முடிவு சொல்லாதீர்கள்.

அதன் பிறகு உள்ள கணிதம் உயர்தரத்தில் படித்த இடையும் நியம விலகலும்தான், பரிமாணம் மட்டும் கூடுகிறது. 512 புள்ளிகள், புள்ளிக்கு மூன்று ஆள்கூறுகள் என்றால் ஓர் எலும்புக்கு 1536 எண்கள். அவற்றின் முதன்மைக் கூறுகளை, அதாவது வடிவம் கூடுதலாக மாறும் திசைகளை, எடுத்தால், 20 பேர் இருந்தால் கூடியது 19 கூறுகள்தான் கிடைக்கும். அளவை நீக்காவிட்டால் முதற்கூறு பெரும்பாலும் எலும்பின் பெருமை சிறுமையாகவே வரும். அளவோடு ஒரு தடவையும் அளவை நீக்கி ஒரு தடவையும் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கூறையும் சராசரிக்கு இரண்டு பக்கமும் 2 நியம விலகல் வரை அசைத்துப் பார்த்து, எலும்பு மருத்துவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, இப்படி ஒரு தாலஸ் இருக்குமா என்று கேளுங்கள்.

கடைசியில் ஒருவரை வெளியே விட்டு மற்றவர்களை வைத்து மாதிரி செய்து, வெளியே விட்டவரின் எலும்பை அந்த மாதிரியால் எவ்வளவு நெருக்கமாக வரைய முடிகிறது என்று அளவுங்கள். இதை எல்லாருக்கும் ஒருமுறை செய்யுங்கள். ஆட்கள் கூடக் கூடப் பிழை குறைந்துகொண்டே போனால் உங்களிடம் இன்னும் போதிய கால்கள் இல்லை என்று அர்த்தம், குறைவது நின்ற பிறகுதான் சராசரியை வெளியில் காட்டலாம். காட்டும்போது அந்தப் பிழையை மில்லிமீற்றரில், எத்தனை பெண்கள், எத்தனை ஆண்கள், எந்த வயது என்பதோடு சேர்த்து எழுதுங்கள்.