குமரி வீடுகளின் கிறிஸ்துமஸ் செலவு: கணக்குப் போடுவதும் பணம் சேர்ப்பதும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்துமஸ் செலவு டிசம்பர் 25-இல் வருவதில்லை. நவம்பர் கடைசியில் கோட்டார் சவேரியார் கோவிலில் கொடி ஏறும்போதே பணம் கரைய ஆரம்பித்துவிடும். டிசம்பர் 3 திருவிழா, அதன்பின் முற்றத்தில் ஸ்டார், வீடு தேடி வரும் கேரல், துணி, பலகாரம், 24 இரவு, 25 விருந்து, 31 இரவு ஆராதனை என்று புத்தாண்டு வரை ஓயாது. ஆறு வாரமாகப் பிரிந்து போவதால்தான் பல வீடுகளில் மொத்தம் எவ்வளவு போனது என்றே தெரிவதில்லை. பிறகு ஜனவரியில் நகை அடகுக் கடையில் இருக்கும்.

இந்தச் செலவுக்குத் தேதி முன்கூட்டியே தெரியும். அதனால் இதை வீட்டு வரி, இன்சூரன்ஸ் தவணை மாதிரி வருடாந்திரச் செலவாக வைத்துக்கொண்டால் கடன் வாங்க வேண்டிய அவசியமே வராது. முதல் தடவை கணக்குப் போடுகிறவர்களுக்காகப் படிப்படியாகச் சொல்கிறோம்.

படி 1: போன வருடச் செலவை எழுதுங்கள்

ஒரு நோட்டில் ஏழு தலைப்பு போதும். மார்த்தாண்டம் பக்கம் ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம்: கொத்தனார் வேலைக்குப் போகும் அப்பா, அண்டி ஆபீஸுக்கு (முந்திரிப்பருப்பு ஆலைக்கு) போகும் அம்மா, பள்ளியில் இரண்டு பிள்ளைகள், பாட்டி. கீழே இருப்பவை கணக்கு விளங்குவதற்கான மாதிரித் தொகைகள். உங்கள் ஊர்க் கடைவிலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

துணி, தையல் கூலி: 7,200
பலகாரம், கேக்: 3,500
இறைச்சி, ஆப்பம், மதியச் சாப்பாடு: 2,800
காணிக்கை, சங்கம், கேரல்: 1,700
உறவினர் வீட்டுக்குப் போய்வர, பிள்ளைகள் கையில் கொடுக்க: 1,500
ஸ்டார், குடில், விளக்கு: 800
பட்டாசு: 500

மொத்தம் 18,000 ரூபாய். இதோடு பத்தில் ஒரு பங்கு, அதாவது 1,800, சேருங்கள். அரிசி, எண்ணெய் விலை ஏறலாம். சொல்லாமல் விருந்தாளி வரலாம். ஆக 19,800.

எல்லாரும் விட்டுவிடுவது சில்லறைச் செலவுகளை. பிளவுஸ் லைனிங், சேலைக்கு ஃபால்ஸ், பிள்ளைகளின் செருப்பு, ஞாயிறு பள்ளி நிகழ்ச்சிக்கான உடை, சபையிலோ அன்பியத்திலோ (கத்தோலிக்கப் பங்கின் சிறு குழு) நடக்கும் பரிசு மாற்றம், இவை ஒவ்வொன்றும் நூறு இருநூறுதான். சேர்த்துப் பார்த்தால் ஒரு நாள் கூலிக்கு மேல் வரும்.

படி 2: வாரத்துக்கு எவ்வளவு எடுத்து வைப்பது

19,800-ஐப் பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் என்று எழுதிவிடாதீர்கள். நம் மாவட்டத்தில் அது நடக்காது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என இரண்டு மழையும் இங்கே பெய்யும். மழை நாளில் கட்டட வேலை நிற்கும், ரப்பர் பால்வெட்டும் நிற்கும். சம அளவு தவணை போட்டவர்கள் ஜூலையிலேயே உண்டியலை உடைப்பது இதனால்தான்.

வேலை நன்றாக ஓடும் மாதங்களில் அதிகமாக எடுங்கள். சனிக்கிழமை கூலி கைக்கு வரும் கொத்தனார் வீட்டுக்கு:

ஜனவரி இரண்டாம் வாரம் முதல் மே வரை 20 வாரம், வாரம் 600: 12,000
ஜூன் முதல் செப்டம்பர் வரை 17 வாரம், வாரம் 300: 5,100
அக்டோபர், நவம்பரில் 9 வாரம், வாரம் 300: 2,700

கூட்டினால் 19,800 சரியாக வரும்.

ரப்பர் வெட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வருடத் தொடக்கத்தில் இலை உதிர்ந்து பால் குறையும். அவர்கள் அந்த மாதங்களில் குறைவாக வைத்துவிட்டு, பால் நன்றாக வரும்போது ஈடுகட்ட வேண்டும். விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்களுக்குத் தடைக்காலம்தான் கணக்கு: சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த இரண்டு மாதத்துக்கும் தொகையைப் பூஜ்யமாகவே எழுதுங்கள். வராத வருமானத்தில் சேமிப்பை எழுதி வைத்தால் மொத்தத் திட்டமும் அங்கேயே உடையும்.

படி 3: பணத்தை எங்கே போடுவது

இந்த ஒரு படியில் தவறினால் மற்ற எல்லாம் வீண்.

*வங்கி ஆர்.டி.* மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்பு இது. பெரும்பாலான வங்கிகளில் 6 மாதத்திலிருந்து தொடங்கலாம். பிப்ரவரியில் 9 மாத ஆர்.டி. ஒன்று, மாதம் 1,500 வீதம் போடுங்கள். அக்டோபரில் ஒன்பதாவது தவணை முடிந்து நவம்பரில் 13,500 வட்டியோடு கைக்கு வரும். துணி எடுக்கச் சரியான நேரம். மீதி 6,300 சாதாரண சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கட்டும். மழையில் வேலை போன மாதத்தில் தவணை தவறாமல் கட்ட அது உதவும்.

அஞ்சலக ஆர்.டி. நல்லதுதான், ஆனால் இதற்கு ஆகாது. அதன் காலம் 5 வருடம்; இடையில் மூடுவதென்றால் 3 வருடம் முடிய வேண்டும். 12 தவணை கட்டிய பிறகு கட்டியதில் பாதி வரை கடனாக எடுக்கலாம், அவ்வளவே.

*சீட்டு.* ஏலச்சீட்டில் சேருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் உங்களைப் போலவே குழுவில் பாதிப்பேருக்குப் பணம் தேவை. அப்போது தள்ளுபடி கூடும். 20 பேர், மாதம் 1,000, சீட்டுத் தொகை 20,000 என்றால், அவசரத்தில் 5,000 தள்ளி எடுப்பவர் கையில் 15,000-தான் வரும். அதனால் டிசம்பரில் முடியும் சீட்டாகப் பார்த்துச் சேர்ந்து, கடைசி வரை பொறுத்திருங்கள். குலுக்கல் சீட்டென்றால் முன்னதாக உங்கள் பெயர் விழுந்தாலும் பணத்தை வங்கியில் போட்டுவிட்டுத் தவணையைத் தொடருங்கள். சீட்டு 1982-ஆம் வருடச் சட்டப்படி பதிவானதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பதிவு எண்ணைப் பாஸ்புக்கில் எழுதித் தருகிறவரிடம் மட்டும் கட்டுங்கள்.

*கிறிஸ்துமஸ் பண்டு.* வாரம் 100 வீதம் 50 வாரம் கட்டினால் 5,000; முடிவில் அரிசி, எண்ணெய், பாத்திரம் தருவார்கள். தரப்போகும் சாமான்களின் பட்டியலை முதல் வாரத்திலேயே வாங்கி, பலசரக்குக் கடை விலையை ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதிக் கூட்டிப் பாருங்கள். 5,000-க்குக் கீழே வந்தால் சேர வேண்டாம். பணம் கட்டினால் இத்தனை மடங்கு தருகிறேன் என்று பொதுமக்களிடம் வசூலிப்பது, முறையான அனுமதி இல்லையென்றால், 2019-இல் வந்த சட்டப்படி குற்றம். தெரிந்தவர் என்ற ஒரே நம்பிக்கையில் கட்டி ஏமாந்த தெருக்கள் நம் ஊரில் நிறைய உண்டு.  ஒவ்வொரு வாரமும் அட்டையில் தேதியும் கையெழுத்தும் வாங்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

படி 4: பலகாரத்தை வீட்டு எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள்

பலகாரத்தில் காசு வீணாவது அளவு தெரியாமல் சுடுவதால். முதலில் எத்தனை வீட்டுக்குக் கொடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஓணத்துக்கும் தீபாவளிக்கும் நமக்குத் தந்த வீடுகள், பெருநாளுக்கு பிரியாணி தந்த வீடு, எதையும் விட முடியாது, விடவும் கூடாது. 12 வீடு, வீட்டுக்கு ஆறு முந்திரிக்கொத்து என்றால் 72. நம் வீட்டுக்கு 35.

இதற்கு ஒரு கிலோ சிறுபயறு போதும். வாசனை வரும்வரை வறுத்துக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். வெல்லமோ கருப்பட்டியோ 900 கிராம், தேங்காய் இரண்டு, எள் 50 கிராம், ஏலக்காய், கொஞ்சம் சுக்கு. மேல்மாவுக்குப் பச்சரிசி மாவு 250 கிராம், உப்பு, மஞ்சள்பொடி. 20 கிராம் உருண்டையாகப் பிடித்தால் நூறுக்கு மேல் தேறும்.

கெட்டுப்போவது மூன்று இடத்தில். துருவிய தேங்காய் பொன்னிறமாகி ஈரம் முழுக்கப் போகும்வரை வறுபடவில்லையென்றால் நாலைந்து நாளில் சிக்கு வாடை வரும். பாகு இளகலாக இருந்தால் உருண்டை எண்ணெயில் பிரிந்து, எண்ணெய் முழுவதும் கரிந்து வீணாகும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் திரள வேண்டும். மேல்மாவு தண்ணீராக இருந்தால் உருண்டையில் ஒட்டாது. தோசை மாவை விடச் சற்றுக் கெட்டியாக இருக்கட்டும். உருண்டைகளை ஒரு இரவு ஆறவிட்டு மறுநாள் சுட்டால் உடைவது வெகுவாகக் குறையும்.

எண்ணெய்தான் பெரிய செலவு. 2025-இல் தேங்காய் எண்ணெய் விலை எகிறியபோது பலரும் பலகாரத்தைக் குறைத்தார்கள். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரே நாளில், ஒரே சட்டியில் சுட்டால் எண்ணெய் மிச்சமாகும். முதலில் அச்சப்பம், பிறகு முறுக்கு, கடைசியில் முந்திரிக்கொத்து. வரிசையை மாற்றினால் உதிர்ந்த மாவு எண்ணெயைக் கருக்கிவிடும்.

படி 5: துணி, இறைச்சி, ஸ்டார்

தைக்கக் கொடுக்கும் துணியை நவம்பர் முடிவதற்குள் எடுத்துவிடுங்கள். டிசம்பர் இரண்டாம் வாரம் தையல்காரர் புதிதாக வாங்கமாட்டார். அப்போது ரெடிமேடுக்குப் போனால் தொகை கூடும். கடைக்குப் போகும்போது ஆளுக்கு ஒரு கவரில் தொகையைப் போட்டு, பெயர் எழுதிக் கொண்டுபோங்கள்.

இறைச்சியை 20-ஆம் தேதிக்குள் சொல்லி, எடையையும் விலையையும் பேசி வையுங்கள். நாலைந்து வீட்டார் சேர்ந்து ஆடு வாங்கிக் கூறு போட்டால் கடையை விட மலிவு.

ஸ்டாருக்குள் 9 வாட் எல்.இ.டி. பல்பு போதும். தினம் 6 மணி நேரம் 30 நாள் எரிந்தாலும் இரண்டு யூனிட்டைத் தொடாது. பழைய 60 வாட் குண்டு பல்பு 11 யூனிட் அளவு இழுக்கும், சூட்டில் காகிதமும் கருகும். டிசம்பரில் மழை உண்டு. காகித ஸ்டாரைக் கூரை இறவாரத்துக்கு உள்ளே கட்டுங்கள், இணைப்பில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள்.

கேரல் காணிக்கைக்குத் தனிக் கவர் வையுங்கள். சபை, வாலிபர் சங்கம், பங்கு, தெருப் பிள்ளைகள் என்று நாலைந்து குழு வரும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பார்த்துக் கொடுக்க வேண்டியதில்லை. முடிந்ததை மனதாரக் கொடுங்கள்.

படி 6: எவ்வளவு செய்தும் போதவில்லை என்றால்

முதலில் பட்டியலைக் குறையுங்கள்: பட்டாசு, பெரியவர்களின் துணி, இந்த வரிசையில். பிள்ளைகள் துணியிலும் காணிக்கையிலும் கடைசியாகத்தான் கை வைக்க வேண்டும்.

கடன் வாங்கியே ஆக வேண்டுமானால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன். 15,000 ரூபாய்க்கு வருடம் 12 சதவீதம் என்றால் மாதம் 150; ஐந்து மாதத்தில் 750. அதே பணத்தை ‘அஞ்சு வட்டிக்கு’ வாங்கினால் மாதமே 750, ஐந்து மாதத்தில் 3,750. மதிப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு என்று முன்பே கேளுங்கள். மே மாதத்துக்குள் மீட்கும் தேதியை அடகுச் சீட்டின் பின்புறம் எழுதுங்கள், ஏனென்றால் ஜூனில் பள்ளிக் கட்டணமும் மழையும் சேர்ந்து வரும். குழுக்கடன் இதற்கு வேண்டாம். ஒரு நாள் விருந்துக்காக வாங்கிய தவணை ஒன்றிரண்டு வருடம் ஓடும். நீங்கள் தவறினால் குழுவில் இருக்கும் மற்றப் பெண்களிடமும் போய் நிற்பார்கள்.

படி 7: ஜனவரி முதல் வாரம்

பில்லும் சீட்டும் கையில் இருக்கும்போதே ஏழு தலைப்பிலும் உண்மையில் ஆன தொகையைத் திட்டத் தொகைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். எந்தத் தலைப்பு பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியதோ அதற்கு மட்டும் காரணம் ஒரு வரி. மீந்த எல்.இ.டி. பல்பு, குடில் பொம்மைகள், ஸ்டார் கம்பி எல்லாவற்றையும் நன்றாகக் காயவைத்து ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு, என்னென்ன இருக்கிறது என்று மூடியில் எழுதி மச்சில் ஏற்றுங்கள். புதுத் தொகையை மறுபடி வாரங்களாகப் பிரித்து, இரண்டாம் வாரச் சனிக்கிழமை கூலியிலிருந்து முதல் 600-ஐ எடுத்து வையுங்கள்.