தாத்தாவின் கவ்வாத்துக் கத்தியை மெருகேற்றுவதா, விட்டுவிடுவதா

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அருகே தேயிலைச் செடிகளின் கிளைகளை நறுக்கிவிடும் கவ்வாத்து வேலை செய்த தாத்தாவின் கத்தி என் கைக்கு வந்தபோது அலகெங்கும் செந்துரு படிந்திருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன், எலுமிச்சஞ்சாற்றால் தேய்த்தேன். பளிச்சென்று ஆன இடத்திலேயே பனிமூட்ட ஈரத்தில் 3ஆம் நாள் மீண்டும் துரு பூத்தது. முழுவதையும் சாணை பிடித்து நிக்கல் முலாம் பூசலாம் என்றார் பட்டறைக்காரர். அலகில் தாத்தா கொத்திய பெயரெழுத்து அதில் அழிந்துவிடும் என்பதால் 5 நாட்கள் முடிவெடுக்க இயலாமல் தவித்தேன்.

பிறகுதான் கவனித்தேன்: வளைவின் உட்புறத்தில், தீட்டுக்கல் படாமல் பல்லாண்டுத் தேயிலைச் சாறு ஏறிக் கறுத்திருந்த இடத்தில் மட்டும் துருவே இல்லை. தேயிலையிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்புத் துருவோடு வினைபுரிந்து, நீரில் எளிதில் கரையாத கரும்படலமாகிறது. எலுமிச்சையின் அமிலமோ அந்தக் கருமையையும் சேர்த்தே அரித்திருக்கிறது. நான் அழுக்கென்று எண்ணித் தேய்த்தது கத்தியின் காப்பு.

ஆகவே, உதிரும் துருவை மட்டும் பித்தளைத் தூரிகையால் அகற்றி, தேயிலைத் தூளைக் கெட்டியாகக் கொதிக்கவைத்து ஆறவிட்ட வெறும் சாயத்தில், மரப்பிடி நனையாதவாறு, அலகை ஓர் இரவு வைத்தேன். காலையில் அலகு நீலங்கலந்த கருமையாகியிருந்தது. கழுவி, அடுப்பருகே உலர்த்தி, தையல் இயந்திர எண்ணெயை மெல்லத் தடவினேன். ஈரம் பிடிக்கும் பழைய சாக்கில் சுற்றுவதையும் நிறுத்திவிட்டேன். 40 நாட்களாகத் துரு திரும்பவில்லை. பெயரெழுத்து முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறது.