கொட்டகையில் நின்ற பழைய டில்லரை மறுபடி ஓட வைக்க: முதல்முறை செய்பவர்களுக்கு

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வண்டித்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத் தென்னந்தோப்புகளில், கொட்டகை மூலையில் வருஷக்கணக்காக நிற்கும் பவர் டில்லர்களை, அதாவது பின்னால் நடந்து ஓட்டும் உழவு இயந்திரங்களை, பார்க்கலாம். பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, 1973இல் தொடங்கிய கேரள அரசு நிறுவனமான காம்கோவின் அத்தாணித் தொழிற்சாலையில், ஜப்பானின் குபோட்டா தொழில்நுட்பத்தில் வந்த 12 குதிரைசக்தி வண்டி. மற்றது மிட்சுபிஷி வழி வந்த வி.எஸ்.டி.யின் 13 குதிரைசக்தி வண்டி. இரண்டிலும் படுக்கை வாட்டத்தில் ஒரே சிலிண்டர், தண்ணீரில் குளிரும் டீசல் இன்ஜின். அமைப்பு எளிது, உதிரிபாகம் இன்றும் கிடைக்கிறது. வீட்டிலேயே பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இயந்திரம் இல்லை.

முதல் விதி: கண்ணில் பட்டதும் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றாதீர்கள். உள்ளே பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் துருவில் ஒட்டியிருக்கலாம், வால்வு இறுகியிருக்கலாம், ஆயிலில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். அந்த நிலையில் பலம் கொடுத்துச் சுற்றினால் ரிங் உடையும், வால்வைத் தள்ளும் புஷ் ராடு வளையும். சின்ன வேலை பெரிய செலவாகிவிடும்.

ஆயிலும் பிஸ்டனும்

கீழே உள்ள வடிகால் போல்ட்டைத் தளர்த்தி, முதலில் வருவதைக் கவனியுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் முதலில் அதுதான் வெளியே வரும். ஆயில் காப்பி நிறத்தில் கலங்கியிருந்தால் லைனரின் (சிலிண்டரின் உட்குழாய்) ரப்பர் வளையமோ, சிலிண்டர் தலைக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட்டோ போயிருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் இன்ஜினைத் தொடாதீர்கள்.

அடுத்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி, அந்தத் துளை வழியே பாதி டீசல், பாதி இன்ஜின் ஆயில் கலந்து 50 மில்லி ஊற்றி ஒரு நாள் ஊற விடுங்கள். மறுநாள் நாசில் வெளியே இருக்கும்போதே ஃப்ளைவீலைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசைக்க வேண்டும். அசையவில்லையா, இன்னும் ஒரு நாள் பொறுங்கள். சுத்தியலுக்கு இங்கே வேலையே இல்லை. சுற்ற ஆரம்பித்ததும் ஊற்றியதெல்லாம் துளை வழியே பீய்ச்சும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். அதை முழுக்க வெளியேற்றிய பிறகே நாசிலை மாட்ட வேண்டும். திரவம் அமுங்காது. உள்ளே தங்கிவிட்டால் கனெக்டிங் ராடு வளையும்.

வால்வுகளுக்கு மேலுள்ள ராக்கர் மூடியைத் திறந்து, சுற்றும்போது இரண்டு வால்வும் இறங்கி ஏறுகின்றனவா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் தண்டின் மேல் மண்ணெண்ணெய் விட்டு மரக்கட்டையால் மெல்லத் தட்டினால் விடும். பிறகு புது ஆயில், எஸ்.ஏ.இ. 30 அல்லது 15டபிள்யூ40 டீசல் ஆயில், டிப்ஸ்டிக்கின் மேல் கோடு வரை. கோட்டைத் தாண்ட வேண்டாம்.

காற்று வடிகட்டி

இந்த ஊரில் டில்லரைக் கொல்வது பெரும்பாலும் தூசிதான். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாயில் அடிக்கும் வறண்ட காற்றில் தோப்பு உழவு செய்தால் வண்டி புழுதி மேகத்துக்குள்ளேயே ஓடுகிறது. அந்தப் புழுதி உள்ளே போனால் லைனரையும் ரிங்கையும் உப்புத்தாள் போல் தேய்த்துவிடும். வடிகட்டியின் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் படிந்த சேற்றை வழித்து, கம்பி வலையை டீசலில் அலசி உலர்த்தி, புது ஆயிலைக் கோடு வரை மட்டும் விடுங்கள். புழுதிக் காலத்தில் தினமும் திறந்து பார்க்க வேண்டும். ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் டேப் சுற்றி ஒப்பேற்றாமல் மாற்றிவிடுங்கள். வடிகட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ஓட்டை வழியே வடிகட்டாத காற்றுதான் போகும்.

தண்ணீர்

கிழக்குச் சித்தூர்ப் பகுதியின் போர்வெல் தண்ணீர் கடினமானது, ரேடியேட்டருக்குள் சுண்ணாம்பாகப் படியும். 5 லிட்டர் தண்ணீரில் 250 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி, இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு அரை மணி நேரம் சுமையில்லாமல் ஓட்டி, ஆறியதும் வடித்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசினால் போதும். ராத்திரி முழுக்க விடாதீர்கள், உலோகத்தை அரிக்கும். பிறகு ஊற்ற மழைத் தண்ணீரே சிறந்தது.

டீசலும் ஏர் எடுப்பதும்

பழைய டீசலை முழுக்க வடித்து டேங்கைக் கழுவி, ஃபில்டரை மாற்றுங்கள். புது டீசல் ஊற்றியதும் ஏர் எடுக்க வேண்டும், அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், ஆனால் வரிசை தெரிந்தால் கால் மணி நேர வேலை.

1. டீசல் டேங்கின் டேப்பைத் திறந்து, ஃபில்டர் மேலுள்ள சிறு ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்துங்கள். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் இறுக்குங்கள்.
2. டீசல் பம்ப்பில் உள்ள ஸ்க்ரூவிலும் அப்படியே செய்யுங்கள்.
3. நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாயின் நட்டைத் தளர்த்தி, டீகம்ப்ரஷன் லீவரை (சிலிண்டரின் அழுத்தத்தை விடுவித்து, சுற்றுவதை இலகுவாக்குவது) தூக்கிப் பிடித்துச் சுற்றினால் முதலில் குமிழியும் பிறகு டீசலும் துடித்து வரும். அப்போது இறுக்குங்கள்.
4. மறுபடி சுற்றும்போது நாசிலில் "கிர்க், கிர்க்" என்று சத்தம் கேட்க வேண்டும். அது கேட்கவில்லை என்றால் நாசிலைப் பம்ப் கடையில் கொடுத்துச் சோதியுங்கள். வெளியே எடுத்து நீங்களே அடித்துப் பார்க்கும்போது, பீச்சும் டீசலுக்கு நேரே கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்

நெடுநாள் நின்ற டில்லரில் டீசல் பம்ப்பின் ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு) முழு டீசல் நிலையில் ஒட்டியிருக்கலாம். அப்படியே ஸ்டார்ட் ஆனால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரால் பிடிக்க முடியாது. வேகம் ஏறிக்கொண்டே போகும், ஆக்சிலேட்டரைக் குறைத்தாலும் நிற்காது. காற்று வடிகட்டியில் கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றினாலும் இதே ஆபத்துதான், அந்த ஆயிலை உறிஞ்சியே இன்ஜின் ஓடும். எனவே ஆக்சிலேட்டர் லீவரை அசைத்து ரேக் தடையில்லாமல் நகர்கிறதா என்று முதலில் பாருங்கள். காற்று நுழையும் வாயை அடைக்கும் அளவில் ஒரு தட்டையான பலகையைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். வேகம் கட்டுமீறினால் வாயைப் பலகையால் அடையுங்கள், கையாலோ துணியாலோ வேண்டாம், உள்ளே இழுத்துவிடும்.

கியர் நியூட்ரலில்தானா என்று இரண்டு முறை பார்க்க வேண்டும். கிளட்ச் தட்டுகள் ஒட்டிப்போயிருந்தால், கியரில் நிற்கும் வண்டி ஸ்டார்ட் ஆன கணமே ஆள் மேல் ஏறும். லுங்கியும் துண்டும் பெல்ட் பக்கம் கூடவே கூடாது.

ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும், சுற்றிப் பிடிக்க வேண்டாம். எதிர்த்து அடித்தால் கட்டைவிரல்தான் போகும். டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி வேகமாகச் சுற்றி, வேகம் ஏறியதும் லீவரை விட்டு, சுற்றுவதை நிறுத்தாமல் தொடருங்கள்.

ஓடியதும் முதல் பத்து நிமிஷம் குறைந்த வேகத்தில் விட்டுப் புகையைப் பாருங்கள். கறுப்பு என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, ரிங்கைச் சந்தேகியுங்கள். சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் நாசில் ஒழுகுகிறது, அல்லது கம்ப்ரஷன் குறைவு. ரேடியேட்டர் தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். 20 மணி நேரம் ஓடியதும் ஆயிலை மாற்றுங்கள், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும்.

பெல்ட், கத்தி

பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இறங்கலாம். ஒன்று பழுதானாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதியதும் பழையதும் கலந்தால் புதியது மட்டும் சுமை தாங்கிச் சீக்கிரம் அறும்.

ரோட்டரியில் இடது வளைவுக் கத்தி, வலது வளைவுக் கத்தி என்று இரண்டு உண்டு. கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றி மாட்டினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். தென்னந்தோப்பில் நாரும் கயிறும் தண்டில் சுற்றி ஆயில் சீலை அறுத்துவிடும். அப்புறம் உள்ளே சேறு போய்ச் செயினும் பேரிங்கும் தேயும். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் இன்ஜினை நிறுத்தி நாரை அறுத்து எடுங்கள்.

மாற்றங்கள்

பெல்ட்டைக் கழற்றி, இன்ஜின் புல்லியில் தண்ணீர்ப் பம்ப்பை ஓட்டுவது பயனுள்ள மாற்றம். கணக்கு எளிது: இன்ஜின் புல்லி 5 அங்குலம், வேகம் 2000, பம்ப்புக்குத் தேவை 1500 என்றால், 5 × 2000 ÷ 1500. ஏறத்தாழ 6¾ அங்குலப் புல்லியை லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கலாம். பெல்ட்டுக்குத் தகர மூடியும் அதே பட்டறையில் செய்துகொள்ளுங்கள்.

சிலர் கவர்னர் ஸ்க்ரூவைத் திருப்பி வேகத்தைக் கூட்டச் சொல்வார்கள். செய்யாதீர்கள். ஃப்ளைவீல் வார்ப்பிரும்பு, அதன் அளவுக்கு மீறிச் சுழன்றால் சிதறும்.

முதல் உழவுக்கு வாய்க்கால் கரையில் இறக்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும். இறக்கத்தில் இடது கிளட்ச் லீவரைப் பிடித்தால், சமதளத்தில்போல் இடப்பக்கம் அல்ல, வண்டி வலப்பக்கம் திரும்பும். பிடி விட்ட சக்கரம் சரிவில் முந்தி ஓடுவதே காரணம். இறக்கத்தில் லீவரைத் தொடாமல், முதல் கியரில், கைப்பிடியைத் தள்ளியே திருப்புங்கள்.

வேலை முடிந்து நிறுத்தும்போது, ஹேண்டில் இறுகும் வரை சுற்றி விடுங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரம் உள்ளே போகாது. சைலன்சர் வாயில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள், அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும் முன் எடுத்துவிட வேண்டும்.