காரணிப்படுத்தலில் மதிப்பெண்ணைத் தின்னும் தவறுகள்

டியூஷனுக்கு ஆண்டுதோறும் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள்; இருபடிச் சமன்பாட்டை (x² வரும் சமன்பாடு) காரணிகளாக, அதாவது பெருக்கலாகப் பிரித்துத் தீர்க்கும்போது நோட்டில் மட்டும் அதே பழைய தவறுகள், பத்தாம் வகுப்பில் நான் செய்தவை உட்பட. குறி மாறுவது, கூட்டல் பிசகுவதெல்லாம் எழுத எழுதச் சரியாகிவிடும். சரியாகாதவை வேறு.

வலப்பக்கம் பூஜ்ஜியமா?

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வரும். கணக்கு (x − 2)(x − 5) = 4. உடனே x − 2 = 4, x − 5 = 4 என்று இரண்டு வரி; விடை 6, 9. விடையைத் தப்பென்று அடித்துவிட்டேன். "சார், 6 சரியா வருதே, போட்டுப் பாருங்க!" என்று ஒரு பையன் சண்டைக்கு வந்தான். போட்டேன்: 4 × 1 = 4. வரத்தான் செய்தது. "9-ஐயும் போடு" என்றேன். 7 × 4 = 28. அப்புறம் பேச்சே இல்லை.

6 அமைந்தது தற்செயல். முதல் காரணி 4 ஆனபோது மற்றது 1 ஆகிவிட்டது, அவ்வளவுதான். இரண்டு எண்களைப் பெருக்கிப் பூஜ்ஜியம் வந்தால், அவற்றில் ஒன்றாவது பூஜ்ஜியமாக இருந்தே தீர வேண்டும். 4-க்கு அந்தக் கட்டாயம் கிடையாது: 2 × 2, 8 × ½, (−1) × (−4) என்று எப்படி வேண்டுமானாலும் வரும். அடைப்பைப் பெருக்கி, எல்லாவற்றையும் இடப்பக்கம் கொண்டுவந்தால் x² − 7x + 6 = 0. அதாவது (x − 1)(x − 6) = 0. மூலங்கள், அதாவது x-க்கான விடைகள், 1, 6. பையன் கோட்டைவிட்ட 1, அந்த (−1) × (−4)-இல் இருந்தது.

பரப்பளவுக் கணக்கில் இது இன்னும் மோசம். நீளம் அகலத்தைவிட 3 மீட்டர் கூடுதல், பரப்பு 40 சதுர மீட்டர் என்றால், அகலத்தை x என்று வைத்து x(x + 3) = 40 என்று சரியாக அமைத்துவிட்டு x = 40 என்பார்கள். அகலம் 40 மீட்டர், நீளம் 43 மீட்டர், பரப்பு 40 சதுர மீட்டராம்! எழுதும்போது கூடவா உறுத்தாது? அகலம் 5 மீட்டர்.

இருபுறமும் x-ஆல் வகுப்பது

x² = 5x-ஐ வகுத்தால் 0 என்ற மூலம் போச்சு. வகுக்காதீர்கள்.

முதல் கெழுவை மறப்பது

6x² − 7x − 3 = 0-இல் −3-ஐ மட்டும் பிரித்துப் பார்த்துத் திணறுவார்கள். முதல் கெழு, அதாவது x²-க்கு முன்னால் நிற்கும் 6-ஐயும் சேர்த்துப் பிரிக்க வேண்டியது 6 × (−3) = −18. கூட்டினால் −7 வரும் ஜோடி −9, 2. −7x-ஐ −9x + 2x என்று எழுதினால், பிறகு 3x(2x − 3) + 1(2x − 3). அந்த 1-ஐ எழுதாமல் விட்டால் அடுத்த வரியில் ஒரு காரணியே காணாமல் போகும்.

பிரியாததோடு மல்லுக்கட்டுவது

x² + 5x + 3 = 0. தன்மைக்காட்டி (b² − 4ac; a, b, c மூன்றும் கெழுக்கள்) 25 − 12 = 13, முழு வர்க்கம் இல்லை; அதனால் முழு எண்களால் பிரியாது. இருபடிச் சூத்திரத்துக்குப் போங்கள்.