அலாஸ்கா கப்பலுக்குக் கொசு மருந்து கட்டலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்து ஓரம் வளர்ந்தவர்களுக்குக் கொசு ஒன்றும் புதிதில்லை. விடியற்காலையில் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறவர் இடுப்பில் தகர டப்பாவுக்குள் கொசுவத்தி புகைந்துகொண்டே போகும். அதனால்தானோ என்னவோ, அலாஸ்கா கப்பல் பயணம் என்று வீட்டில் பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சி கிளம்பிவிடுகிறது. பனிக்கட்டி மிதக்கிற ஊரில் ஏது கொசு என்பது ஒன்று. எதற்கும் இருக்கட்டும் என்று ரிட்செக்ட் பூச்சிக்கொல்லி டின், ஒரு பெட்டி கொசுவத்தி, மின்சாரக் கொசு வில்லைக் கருவி எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்குவது இன்னொன்று.

இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. கப்பலில் கொசு கிடையாது, கரையில் உண்டு. ஆகவே கப்பலின் பெயரையும் அறை எண்ணையும் விட்டுவிட்டு, எந்தத் துறைமுகத்தில் இறங்கி எங்கே நடக்கப் போகிறீர்கள் என்ற பட்டியலை முதலில் எடுங்கள்.

கடலில் ஓடும் நாட்களுக்கு எதுவும் தேவையில்லை. கிளேசியர் பே மாதிரி இடங்களில் மேல்தளத்தில் நின்று பனிப்பாறை பார்க்கும்போது அடிக்கிற குளிர்காற்றில் கொசு பறக்காது. திமிங்கிலம் பார்க்கும் படகு, ஹெலிகாப்டரில் பனிப்பாறை மேல் இறங்குவது, ஊருக்குள் கடை சுற்றுவது, இவற்றுக்கும் வேண்டாம். காட்டுப் பாதையில் நடப்பது, ஆற்றோரம் மீன் பிடிப்பது, சால்மன் ஏறுவதைப் பார்க்க ஓடைக்கரையில் நிற்பது என்றால் வேண்டும். கெச்சிக்கன் டோங்கஸ் மழைக்காட்டின் நடுவே இருக்கிறது. ஜூனோவில் மெண்டன்ஹால் பனிப்பாறையைச் சுற்றி நடைபாதைகள் உண்டு. இரண்டிலும் காற்றில்லாத ஈரமான நாளில் கடி கிடைக்கும். ஸ்கேக்வேயில் காற்று அதிகம் என்பதால் தொல்லை குறைவு.

கப்பலை விட்டு இறங்கி ரயிலிலோ பேருந்திலோ டெனாலி, ஃபேர்பேங்க்ஸ், கனடா பக்கம் வைட்ஹார்ஸ் என்று உள்நாட்டுக்குப் போகிறவர்களின் கணக்கு முற்றிலும் வேறு. அங்கே கடற்காற்று இல்லை. பல இடங்களில் நிலத்துக்கு அடியில் மண் உறைந்தே கிடப்பதால் உருகிய பனி கீழே இறங்க வழியில்லாமல் தேங்கிவிடுகிறது. போன வருடம் இட்ட முட்டைகள் அந்தத் தண்ணீரில் ஒரே நேரத்தில் பொரிகின்றன. ஜூன் நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை அதுதான் உச்சம். இந்த நாட்களில் உள்நாடு போகிறீர்களா, மருந்தை மறந்துவிட்டுப் போகாதீர்கள்.

மே மாதப் பயணத்தில் கொசு கொஞ்சம்தான். பனிக்காலத்தை உயிரோடு தாண்டிய பெரிய, மந்தமான கொசு ஒன்றிரண்டு சுற்றும், கையாலேயே அடித்துவிடலாம். ஆகஸ்ட் கடைசியில் கொசு ஓய்ந்தாலும் ஈ ஓயாது.

அந்த ஈயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் ஏமாறுவது அதில்தான். அலாஸ்காவில் முக்கியமாகக் கடிப்பவை மூன்று வகை. கொசு நமக்குத் தெரியும். இரண்டாவது கருப்பு ஈ. காலில் வெள்ளைப் பட்டை இருப்பதால் அங்கே உள்ளவர்கள் வைட் சாக்ஸ் என்று கூப்பிடுகிறார்கள். இது தேங்கிய தண்ணீரில் வளராது, ஓடுகிற தண்ணீரில் வளரும். ஆகவே அழகான ஓடைக்கரைதான் அதன் வீடு. கொசு ஊசி மாதிரி குத்தும். இது தோலைக் கீறி ஊறுகிற இரத்தத்தை நக்கும். கடிக்கும்போது பெரிதாக வலிக்காது. காது மடலுக்குப் பின்னால், தலைமுடி தொடங்கும் இடத்தில், சட்டைக் கைக்கு உள்ளே ஊர்ந்து போய்க் கடித்து, ஒரு சொட்டு இரத்தம் வழிந்த பிறகுதான் தெரியும். மறுநாள் அந்த இடம் வீங்கிக் கல் மாதிரி ஆகிவிடும். மூன்றாவது, நம் கடற்கரைகளில் மலாய்க்காரர்கள் அகாஸ் என்று சொல்லும் பொடிப்பூச்சியின் வகை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. சாதாரணக் கொசுவலைக் கண்ணுக்குள் புகுந்து வந்துவிடும்.

ஒரு நிம்மதி: அலாஸ்காவில் டிங்கியும் இல்லை, மலேரியாவும் இல்லை. இங்கே வீட்டுக்குப் பின்னால் பூச்சட்டித் தண்ணீரைக் கொட்டுவதும், புகை அடிக்க வரும்போது ஜன்னலைத் திறந்துவிடுவதும் உயிர்ப் பயத்தால். அங்கே கடித்தால் பெரும்பாலும் அரிப்பு, வீக்கம், அவ்வளவுதான். அதனால் வீட்டு ஆயுதம் அத்தனையும் தூக்கிப் போக வேண்டியதில்லை.

என்ன வாங்குவது? மருந்தகத்தில் புட்டியின் பின்பக்கச் சீட்டைப் படியுங்கள். முன்பக்கத்தில் இருக்கிற இலைப் படத்தையும் 'இயற்கை' என்ற சொல்லையும் பார்க்க வேண்டாம். பின்னால் இரண்டு பெயரில் ஒன்று இருக்க வேண்டும். ஒன்று டீட். சில புட்டிகளில் டைஎத்தில் டோலுவமைட் என்று நீளமாக அச்சடித்திருப்பார்கள், இரண்டும் ஒன்றே. அமெரிக்க இராணுவத்துக்காக 1946ல் உருவாக்கியது. பழைய மருந்து, நம்பலாம். 20 முதல் 30 விழுக்காடு போதும். 50 விழுக்காட்டுக்கு மேலே போனால் பாதுகாக்கும் நேரம் கூடுவதில்லை, எரிச்சல்தான் கூடும். மற்றொன்று பிக்காரிடின், இக்காரிடின் என்றும் எழுதுவார்கள், 20 விழுக்காடு.

இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் பிக்காரிடின்தான். காரணம், டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். மருந்து தடவிய விரலால் மூக்குக் கண்ணாடிச் சட்டத்தைத் தொட்டால் சட்டம் பிசுபிசுத்து மங்கிவிடும். விரல் ரேகை அப்படியே பதிந்து நிற்கும். பிளாஸ்டிக் வளையல், கைக்கடிகாரக் கண்ணாடி, நகப்பூச்சு, தொலைநோக்கியின் ரப்பர்ப் பிடி, கைபேசி உறை எல்லாவற்றுக்கும் இதே கதி. பருத்தி, கம்பளி, நைலானுக்கு ஒன்றும் ஆகாது. ரேயானும், இழுபடுகிற ஸ்பாண்டெக்ஸும் கெடும். பிக்காரிடினில் இந்தத் தொல்லை இல்லை, வாடையும் குறைவு.

செராய் (எலுமிச்சைப்புல்) எண்ணெய் பிடித்தவர்கள் கோபப்பட வேண்டாம். வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசுவதற்கு அது நல்லது. ஆனால் சீக்கிரம் ஆவியாகிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் அதை நம்பிக் காட்டுக்குள் நடக்க முடியாது. கையில் மாட்டுகிற வளையம், சட்டையில் ஒட்டுகிற வில்லை எல்லாம் காசுக்குக் கேடு. வளையம் இருக்கிற மணிக்கட்டைத் தவிர வேறு எங்கு வேண்டுமானாலும் கொசு உட்காரும்.

எவ்வளவு வாங்குவது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். குளிருக்காக முழுக்கைச் சட்டையும் நீளக் கால்சட்டையும் போட்டிருப்பீர்கள். வெளியே தெரிவது முகம், கழுத்து, கை, கணுக்கால். அதற்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 3 மில்லி, அதாவது அரைத் தேக்கரண்டிக்குச் சற்று மேல். 7 இரவுப் பயணத்தில் கரை இறங்கும் நாள் பெரும்பாலும் 3 அல்லது 4. கணவன் மனைவி இருவர், நாளுக்கு 2 தடவை, 4 நாள் என்றால் 48 மில்லி. 60 மில்லி புட்டி ஒன்று மிச்சத்தோடு வீடு திரும்பும். உள்நாட்டில் இன்னும் 4 நாள் தங்குகிறவர்கள் நாளுக்கு 3 தடவை வைத்து 72 மில்லி கூட்டிக்கொள்ளுங்கள். எப்படிப் பார்த்தாலும் 100 மில்லிக்கு உட்பட்ட இரண்டு புட்டி போதும். அந்த அளவு கைப்பையிலேயே விமானம் ஏறும், மற்ற திரவங்களோடு சேர்த்து 1 லிட்டர் பிளாஸ்டிக் பைக்குள் இருந்தால் சரி. மருந்தில் நனைத்த ஈரத்தாள் கிடைத்தால் இன்னும் வசதி, சிந்துகிற பேச்சே இல்லை.

தோலில் அடிக்கும் தெளிப்பு டின்னைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடலாம். ஒரு டின் 500 மில்லியைத் தாண்டக் கூடாது, மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். அறைக்குள் பூச்சி கொல்ல அடிக்கிற ரிட்செக்ட், ஷெல்டாக்ஸ் வகை டின்னில் தீப்பற்றும் வாயு இருப்பதால் அது எந்தப் பெட்டியிலும் ஏறாது. கொசுவத்தியை விமானத்தில் கொண்டுபோனாலும் கப்பலில் ஏற்ற முடியாது. ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, சாம்பிராணி என்று எரிகிற எதையும் அறைக்குள் விடுவதில்லை. மின்சார வில்லைக் கருவி நம் 240 வோல்ட்டுக்குச் செய்தது. அமெரிக்கக் கப்பலின் 110 வோல்ட்டில் செருகினால் கால் பங்குச் சூடுகூட வராது, வில்லை வில்லையாகவே கிடக்கும். மூடிய கப்பல் அறைக்குள் அதற்கு வேலையும் இல்லை.

இன்னொன்று, சிரிப்பாக இருந்தாலும் அபாயம். அலாஸ்காக் கடைகளில் கரடித் தெளிப்பு என்று ஒரு டின் விற்பார்கள். அது பாய்ந்து வருகிற கரடியின் முகத்தில் அடிக்கும் மிளகாய்ச் சாறு. கொசு மருந்து என்று நினைத்துத் தன் மேலேயே அடித்துக்கொண்டவர்கள் உண்டு. படம் பார்த்து வாங்காதீர்கள்.

தடவுகிற முறை: வெயிலுக்கான கிரீம் முதலில், அது தோலில் ஊறிய பிறகு கொசு மருந்து. மாற்றிச் செய்தால் கிரீம் மருந்தை மூடிவிடும். முகத்தில் நேராகத் தெளிக்காமல் உள்ளங்கையில் எடுத்துத் தடவுங்கள். கண், உதடு, கீறல் இருக்கிற இடம் வேண்டாம். காதுக்குப் பின்புறமும் பின்கழுத்தும் விட்டுப்போகும் இடங்கள், ஈ தேடுவதும் அதைத்தான். சட்டைக்கு உள்ளே மூடிய தோலில் தடவாதீர்கள். ஜூனோ பக்கம் மழை அடிக்கடி தூறும். முகத்தைத் துடைத்தால் மருந்தும் போய்விடும், மறுபடி தடவ வேண்டும். கப்பலுக்குத் திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். பிள்ளைகளுக்குப் பெரியவர்கள்தான் தடவ வேண்டும்; விரலை வாயில் வைப்பார்கள் என்பதால் அவர்கள் கையில் தடவ வேண்டாம். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு டீட் கூடவே கூடாது, தள்ளுவண்டிக்கு வலை போடுங்கள்.

உடை பாதி வேலையைச் செய்துவிடும். பஞ்சாபி உடைக்கு உள்ளே போடும் இறுக்கமான லெக்கின்ஸ் வழியாகக் கொசு சுலபமாகக் குத்தும். மேலே நெருக்கமாக நெய்த மழைக் கால்சட்டை ஒன்று போட்டால் குத்த முடியாது, ஈரமும் ஏறாது. கருப்பும் கருநீலமும் கருப்பு ஈயை இழுக்கும். சாம்பல், வெளிர் மஞ்சள், காக்கி நிறம் நல்லது. கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், பார்க்கத் தோட்டத்து மண்டோர் (கங்காணி) மாதிரி இருந்தாலும் பரவாயில்லை. டெனாலி போகிறவர்கள் தலைவலை ஒன்று எடுங்கள், கைக்குள் அடங்கும். அகாஸ் புகாத பொடிக்கண் வலைதானா என்று பார்த்து வாங்கி, விளிம்புள்ள தொப்பிமேல் மாட்டுங்கள். வலை தோலில் ஒட்டினால் வெளியிலிருந்தே குத்தும்.

கடி வாங்கிவிட்டால் குளிர்ந்த ஈரத்துணி, 1 விழுக்காடு ஹைட்ரோகார்ட்டிசோன் கிரீம், இரவில் அரிப்புக்கு செட்டிரிசைன் 10 மில்லிகிராம் மாத்திரை. வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் புறப்படும் முன் மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கருப்பு ஈ கீறிய இடத்தில் கோடாலித் தைலம் போட்டால் துள்ளிக் குதிக்க வேண்டியதுதான். சர்க்கரை உள்ளவர்கள் சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளக் கூடாது. வீக்கம் பரவி, சூடாகி, காய்ச்சல் வந்தால் கப்பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நார்வே கப்பலுக்கும் இதே புட்டிதான். அங்கே காற்றில்லாத மாலையில் பொடிப்பூச்சி வரும். தென்கடற்கரையில் புல்வெளி நடந்தால் உண்ணியும் ஏறும். அது லைம் நோயைப் பரப்பும் என்பதால் இரவில் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு பார்த்துவிட வேண்டும். ஐஸ்லாந்தில் கொசுவே இல்லை என்று காலம் காலமாகச் சொல்லிவந்தார்கள்; 2025 அக்டோபரில் முதல் முறையாக மூன்று கொசு பிடிபட்டது. மூன்று கொசுவுக்காக மருந்து கட்ட வேண்டாம், ஆனால் மீவாட்ன் ஏரிப் பக்கம் போனால் ஈக்கூட்டத்துக்குத் தலைவலை உதவும்.

கடைசியாகப் புட்டியை எங்கே வைப்பது என்பது. கப்பலிலிருந்து டெனாலிக்கு ரயில் ஏறும் அன்று பெரிய பெட்டியை முதலிலேயே வாங்கிக்கொண்டு தனி வண்டியில் விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். மருந்தும் தலைவலையும் அதற்குள் இருந்தால் மாலை வரை கையில் கிடைக்காது. தோளில் மாட்டுகிற பையின் வெளிப்பக்க உறையில், பிளாஸ்டிக் பையால் ஒருமுறை சுற்றி, புட்டி நிமிர்ந்து நிற்கும்படி வையுங்கள்.